ஓடும் இல்லத்தில் எரிவாயு அடுப்பு

மோட்டார் வண்டி ஒன்றினுள்ளேயே படுக்கை, சமையல் மேடை, நீர்த்தொட்டி முதலியவற்றை அமைத்துக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று தங்கும் வழக்கம் மேலைநாடுகளில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. நம் நாட்டில் அது அண்மையில்தான் பரவத் தொடங்கியுள்ளது. கேரளம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்கள் 2021-ஆம் ஆண்டில் இவ்வகைச் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கைகளை வகுத்தன. கேரவன் என்றும், மோட்டார் இல்லம் என்றும் பலவாறாக வழங்கப்பெறும் இவ்வண்டியை இக்கட்டுரையில் இல்லவண்டி என்றே குறிப்போம். சொல் புதிதாயினும் பொருள் விளங்கும்.

பெரிய தொழிற்சாலைகளில் செய்யப்பெறும் இல்லவண்டிகளைப் பற்றி இங்கு அதிகம் கூறவேண்டியதில்லை. பழைய வேன் ஒன்றை வாங்கி, தச்சரையும் வெல்டரையும் அமர்த்தித் தாமே அதனை இல்லமாக மாற்றிக்கொள்வோர் தொகை பெருகிவருகிறது. அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம். படுக்கைக்கும் மெத்தைக்கும் பல நாட்கள் ஆலோசனை செய்யும் அன்பர்கள், சமையல் வாயுவைப் பற்றி ஒரு மணி நேரமும் சிந்திப்பதில்லை. வீட்டில் உள்ள சிலிண்டரையும் அடுப்பையும் அப்படியே வண்டியில் ஏற்றி, மேடைக்குக் கீழே ஒரு மூலையில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகின்றனர்.

இவ்வெண்ணம் எத்துணை அபாயமானது என்பதற்குத் தொலைவில் சென்று சான்று தேடவேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் விடியற்காலையில், லக்னௌ நகரிலிருந்து வந்து மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றி எரிந்து ஒன்பது பேர் மாண்டனர். விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவரப்பட்ட எரிவாயுச் சிலிண்டரே அதற்குக் காரணம் என்று ரயில்வே நிருவாகம் அறிவித்தது. அது ரயில் பெட்டியே அன்றி மோட்டார் வண்டி அன்று. ஆயினும் படுக்கையும் அடுப்பும் ஒரே கூட்டினுள் இருந்தன என்ற வகையில் இரண்டும் ஒன்றேயாம்.

வாயுவின் இயல்பு

நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் எரிவாயு, புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு ஹைட்ரோகார்பன்களின் கலவையாகும். அமுக்கத்துக்கு உட்படுத்தினால் இவை எளிதில் திரவமாகின்றன. சிலிண்டரைக் குலுக்கினால் உள்ளே அலையும் ஒலி கேட்பது இத்திரவத்தினாலேயே. அமுக்கம் நீங்கியவுடன் திரவம் ஆவியாகித் தன் பருமனைப்போல் ஏறத்தாழ 250 மடங்கு விரிகிறது. சிறு கொள்கலத்தில் பெருமளவு எரிபொருளை அடக்குவதற்கு உதவுவது இவ்வியல்பு. ஒரு சிறு கசிவைப் பெருங்கேடாக்குவதும் இதுவே.

இதனினும் முக்கியமான மற்றோர் இயல்பு உண்டு. புரோப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமுடையது. பியூட்டேனோ இரு மடங்கு கனமுடையது. ஆகவே கசிந்த வாயு புகையைப்போல மேலே எழுந்து சன்னல் வழியாக வெளியேறிவிடாது. நீரைப்போலத் தாழ்ந்த இடத்தை நாடி ஓடித் தரையில் தேங்கும். வீட்டில் இதற்கு ஓரளவு பரிகாரம் உண்டு. சமையலறைக் கதவு திறந்திருக்கும். வாயிற்படி வழியாக வாயு கூடத்துக்கும் முற்றத்துக்கும் பரவி நீர்த்துப்போகும். இல்லவண்டியின் தரையோ நான்கு புறமும் தகடு எழும்பிய ஒரு தட்டு. மழைநீரும் தூசியும் புகாதவாறு கீழ்ப்புறம் முழுவதும் அடைக்கப்பட்டிருக்கும். அத்தட்டில் விழுந்த வாயு வெளியேற வழியின்றி அங்கேயே கிடக்கும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு இவ்வாயு கலந்தாலே அக்கலவை தீப்பற்றும் தகுதி பெறுகிறது. ஒன்பது, பத்துப் பங்குக்கு மேற்பட்டால் பிராணவாயு போதாமல் பற்றுவதில்லை. ஒரு கிலோ திரவம் ஆவியானால் ஏறத்தாழ அரைக் கன மீட்டர் வாயு கிடைக்கிறது. இல்லவண்டியின் உட்புறம் 5 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உடையது எனக் கொள்வோம். 20 கன மீட்டர் கொண்ட அவ்விடம் முழுவதும் தீப்பற்றும் நிலையை எய்த ஒரு கிலோவுக்கும் குறைவான வாயு போதும். ஆனால் வாயு முழுவதும் பரவுவதில்லை, தரையிலே தேங்குகிறது என்று கண்டோம். தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரம் வரை உள்ள காற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், அதனை அபாயகரமாக்க 60 கிராம் போதும்! ஓர் அடுப்பு முனையைப் பற்றவைக்காமல் அரைமணி நேரம் திறந்துவைத்தால் வெளிவரக்கூடிய அளவே இது. படுக்கைக்கு அடியிலுள்ள குளிர்ப்பெட்டியின் மின்விசை தானே இயங்கும்போது உண்டாகும் சிறு பொறி இதற்கு மேல் வேண்டியதைச் செய்துவிடும்.

இயற்கையில் இவ்வாயுவுக்கு மணம் மிகக் குறைவு. நாம் உணரும் துர்நாற்றம், கசிவை அறிவிக்கும் பொருட்டுச் சேர்க்கப்படும் மெர்க்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தின் நாற்றமாகும். விழித்திருப்பவருக்கு அது நல்ல காவல்; உறங்குபவருக்கு அதனை நம்பிப் பயனில்லை. இல்லவண்டியில் அடுப்புக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மீட்டரே இருக்கும் என்பதை மறத்தலாகாது.

சிலிண்டருக்கு உரிய அறை

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முதல் விதி இது: சிலிண்டர் மனிதர் வாழும் அறையில் இருத்தல் கூடாது. அதற்கெனத் தனியே ஒரு பெட்டியறை வேண்டும். அதன் கதவு வண்டியின் வெளிப்புறத்தில்தான் திறக்கவேண்டும். வண்டியின் உட்புறத்தை நோக்கிய சுவர்கள் யாவும் இடுக்கின்றி அடைக்கப்பட்டிருக்கவேண்டும். குழாய் நுழையும் துளையும் ரப்பர் வளையமிட்டு இறுக்கப்படவேண்டும். அறையின் அடித்தளத்தில், தடுப்பு ஏதுமின்றி நேரே தரையை நோக்கித் திறந்த துவாரம் ஒன்று இருக்கவேண்டும். ஐரோப்பிய நாடுகளில் வழங்கும் தரவிதிப்படி, அடியில் மட்டும் துவாரம் வைப்பதாயின் அதன் பரப்பு அறைத்தளத்தின் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்குக்குக் குறையாமலும், எவ்வாறாயினும் 100 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். அதாவது உள்ளங்கை அளவுள்ள திறப்பு. எலியும் பூச்சியும் புகாதிருக்கக் கம்பிவலை இடலாம். சேறு படிந்து அடைபடாதவாறு அவ்வப்போது துடைத்தல் அவசியம். சிலிண்டரையோ பழைய சாக்கையோ அத்துவாரத்தின்மீது வைத்துவிட்டால் துவாரம் இருந்தும் இல்லாததே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. அடித்தளத்தில் துளை வேண்டும் என்று கேட்டவுடன், வாழும் அறையின் தரையில் கண்ட இடத்தில் துளையிடுவோர் உண்டு. கீழே செல்லும் வழி மேலே வரும் வழியுமாகும். 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே சாலையோரம் நின்றிருந்த கேரவன் வண்டி ஒன்றில் இருவர் இறந்து கிடந்தனர். மின்சாரம் உண்டாக்கும் ஜெனரேட்டரிலிருந்து வெளிப்பட்ட கார்பன் மோனாக்சைடு, வண்டித் தளத்திலிருந்த துளை வழியாக உள்ளே புகுந்ததே காரணம் என்று பின்னர் நடந்த நிபுணர் ஆய்வு கண்டது. ஆகவே சிலிண்டர் அறையின் துவாரம் அவ்வறைக்கு மட்டுமே உரியதாக இருக்கவேண்டும். என்ஜினின் புகைக்குழாயும் ஜெனரேட்டரும் அதனின்று விலகி, இயன்றால் வண்டியின் மறுபக்கத்தில் அமையவேண்டும். வாழும் அறையின் தரையிலும் அடுப்பருகே காற்றுத்துளை வைத்தல் நல்லதே. ஆனால் புகைக்குழாய் எங்கே முடிகிறது என்பதைப் பார்த்த பின்னரே துளைக்கருவியைக் கையில் எடுக்கவேண்டும். மின்கலத்தையும் அதன் கம்பிகளையும் சிலிண்டர் அறையில் வைப்பது முற்றிலும் தவறு.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்கவேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அன்று. நிமிர்ந்த நிலையில் திரவம் அடியிலும் ஆவி மேலேயும் இருக்கும். வால்வு வழியாக ஆவி மட்டுமே வெளியேறும். படுக்க வைத்தால் திரவமே வால்வை அடைந்து ரெகுலேட்டரினுள் பாயும். ஆவியை ஆள்வதற்கென்று செய்யப்பட்ட அக்கருவி, 250 மடங்கு விரியும் திரவத்தை ஆள மாட்டாது. அடுப்பில் ஓரடி உயரத் தீ எழும்.

அதனை நிறுத்திவைத்தால் மட்டும் போதாது, கட்டியும் வைக்கவேண்டும். நிறைந்த 14.2 கிலோ சிலிண்டர், இரும்பின் எடையும் சேர்ந்து ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். கடுமையான மோதலின்போது ஒரு பொருள் தன் எடையைப்போல் இருபது மடங்கு விசையுடன் முன்னே தள்ளப்படுவது அரிதன்று. அப்போது அச்சிலிண்டர் 600 கிலோ பாரமாகிவிடுகிறது. ஒட்டுப்பலகையில் திருகிய கொக்கியும் ரப்பர் பட்டையும் இதனைத் தாங்குமா? இரும்புப் பட்டை இரண்டினால் மேலும் கீழும் அணைத்து, அவற்றை வண்டியின் இரும்புச் சட்டத்தில் போல்ட்டு கொண்டு முடுக்குதலே முறை.

எந்தச் சிலிண்டர் என்பதும் ஒரு கேள்வி. வீட்டு இணைப்புக்கென வழங்கப்படும் சிலிண்டரை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது, எரிவாயு வழங்கலை ஒழுங்குபடுத்தும் 2000-ஆம் ஆண்டின் ஆணைக்குப் புறம்பானது. வீட்டு இணைப்பின்றியே எண்ணெய் நிறுவனங்கள் விற்கும் 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. எடை குறைவாதலால் கட்டுவதும் எளிது; மோதலில் விசையும் குறைவு. கண்ணாடி இழை சுற்றிய கூட்டுப்பொருள் சிலிண்டர்களும் 2021 முதல் விற்பனைக்கு வந்துள்ளன. அவை இரும்பைவிட இலேசானவை. வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே திரவம் எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியும். இரும்புச் சிலிண்டரை வாங்கும்போது, கழுத்தருகேயுள்ள தகட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் பொறித்திருப்பதைக் காணலாம். ஏ என்பது ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டு. பி, சி, டி என்பன அடுத்தடுத்த காலாண்டுகள். இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். அதுவே அடுத்த சோதனைக்குரிய காலம். அக்காலம் கடந்த சிலிண்டரை ஏற்கலாகாது.

ரெகுலேட்டரும் குழாயும்

சிலிண்டரினுள் உள்ள அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் பல மடங்காகும். வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். ரெகுலேட்டர் இதனைக் குறைத்துச் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் என்ற சிறு அளவில் அடுப்புக்கு அனுப்புகிறது. ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீர்க்கம்பத்தின் அமுக்கமே இது. எனவே ரெகுலேட்டருக்குப் பின்னுள்ள குழாய் பெரும் அமுக்கத்தைத் தாங்கவேண்டியதில்லை. அது தாங்கவேண்டியது அதிர்ச்சியை. வீட்டுக் குழாய் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. வண்டியின் குழாயோ ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் குலுங்குகிறது. வீட்டில் இருபது ஆண்டு தாங்கும் இணைப்பு, வண்டியில் ஒரே மலைப்பயணத்தில் நெகிழ்ந்துவிடக்கூடும்.

ரப்பர் குழாய் சிலிண்டருக்கும் நிலைக்குழாயின் முனைக்கும் இடையில் மட்டுமே இருக்கவேண்டும்; அதுவும் கூடியவரை குட்டையாக, சிலிண்டர் அறைக்குள்ளேயே முடிந்துவிடவேண்டும். எஃகுக் கம்பி பொதிந்ததும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றதுமான குழாயையே வாங்குதல் வேண்டும். வீடுகளில் இதனை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுக என்பர். வண்டியின் உஷ்ணத்தையும் குலுக்கலையும் கருதினால், இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவதே தகும் என்பது நம் கருத்து. சில நூறு ரூபாய்ச் செலவு.

அதற்கு அப்பால் செம்புக் குழாயோ எஃகுக் குழாயோ செல்லவேண்டும். செம்புக் குழாயை ஏறத்தாழ ஒவ்வோர் அரை மீட்டருக்கும் கவ்வி கொண்டு பிணைக்கவேண்டும். கவ்விக்கும் குழாய்க்கும் இடையே ரப்பர் இருத்தல் நலம். இல்லாவிடில் அதிர்ச்சியால் இரண்டும் உராய்ந்து காலப்போக்கில் குழாய் தேய்ந்து துளைபடும். இணைப்புகள் எத்துணைக் குறைவோ அத்துணை நன்று. பலகைக்குப் பின்னால் மறைந்த இடத்தில் இணைப்பு வைப்பது கூடாது. கண்ணால் பார்க்க முடியாததைச் சோதிக்கவும் முடியாது. பற்றவைப்பதாயின் ஈயப்பற்று உதவாது. சிறு தீ விபத்திலேயே அது உருகி, வாயுவைத் தீக்கு மேலும் ஊட்டிவிடும். வளையம் கொண்டு இறுக்கும் இணைப்புகளில் உலோகத்தோடு உலோகம் அழுந்துவதே காப்பு. குழாய் வேலைக்காரர் பழக்கத்தினால் அங்கும் வெள்ளை டேப்பைச் சுற்றுவர். அது அவ்வழுத்தத்தைக் கெடுக்கவும் கூடும். குழாய் வண்டியின் அடிப்புறமாகச் சென்றால் கல்லடி படாத இடத்திலும் புகைக்குழாயினின்று விலகியும் செல்லவேண்டும். ஒவ்வோர் அடுப்புக்கும் கருவிக்கும் தனித்தனி அடைப்பு வால்வு, கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் அவசியம்.

வேலை முடிந்ததும் சோதனை. குழாயைச் சிலிண்டரினின்றும் அடுப்பினின்றும் பிரித்து, முனையை அடைத்து, காற்றை 150 மில்லிபார் அளவுக்கு ஏற்றி, வெப்பநிலை ஒன்றுபடச் சிறிது பொறுத்து, பின் ஐந்து நிமிடம் அளவுமானியைக் கவனிக்கவேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். ஜெர்மனியில் இல்லவண்டிகளின் எரிவாயு அமைப்பை இரண்டாண்டுக்கு ஒருமுறை நிபுணர் சோதிக்கவேண்டும் என்னும் ஏற்பாடு உண்டு. நாமும் அதனைப் பின்பற்றலாம். நெடும் பயணத்துக்கு முன்னரும் கரடுமுரடான பாதையில் சென்று திரும்பிய பின்னரும் சோப்பு நீர்ச் சோதனையையாவது செய்யவேண்டும். தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருப்பது வருந்தத்தக்கது.

தீயும் காற்றும்

ஒரு பங்கு புரோப்பேன் முழுமையாக எரிய 24 பங்கு காற்றும், ஒரு பங்கு பியூட்டேன் எரிய 31 பங்கு காற்றும் வேண்டும். காற்று குறைந்தால் தீ மஞ்சளாகிக் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறமும் மணமுமற்ற இந்நஞ்சு, இரத்தத்தின் செந்நிறப் பொருளோடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, களைப்பு, பின்னர் உறக்கம், அவ்வுறக்கம் கலைவதில்லை. எனவே சமைக்கும்போது சன்னலும் கூரைத்திறப்பும் திறந்திருக்கவேண்டும். அடுப்பைக் குளிர் காயும் கருவியாக ஒருபோதும் பயன்படுத்தலாகாது. குளியலறைகளில் பொருத்தும் உடனடி வாயு வெந்நீர்க் கருவி நம் நாட்டில் வீடுகளிலேயே பல உயிர்களைக் குடித்துள்ளது. இல்லவண்டியில் அதற்கு இடமே இல்லை. வெப்பமூட்டும் கருவி வேண்டுமென்றால், எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையையும் வெளியிலேயே விடும் அடைப்புக் கருவியை மட்டுமே பொருத்தலாம்.

நம் வீட்டு அடுப்புகளுள் பெரும்பாலானவற்றில் இல்லாத உறுப்பு ஒன்று இல்லவண்டி அடுப்பில் இருந்தேயாக வேண்டும். காற்றடித்துத் தீ அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் சாதனம் அது. தீயருகே நீட்டிய சிறு உலோக முனை சூடாக இருக்கும்வரை மெல்லிய மின்னோட்டம் உண்டாகி வால்வைத் திறந்து பிடித்திருக்கும். முனை ஆறினால் வால்வு மூடிக்கொள்ளும். அடுப்பு வாங்கும்போது இதனைக் கேட்டு வாங்கவேண்டும்.

லடாக் போன்ற குளிர்நாடுகளுக்குச் செல்வோர்க்கு வேறொரு தொல்லை. பியூட்டேன் பூச்சியத்துக்கு அரை டிகிரி கீழேயே திரவமாகிவிடும். புரோப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 டிகிரி வரை ஆவியாக இருக்கும். லே நகரின் குளிர்கால இரவில் சிலிண்டரிலுள்ள பியூட்டேன் அசையாமல் கிடக்க, தீ மெல்ல மெல்லத் தாழும். போதாக்குறைக்குப் புரோப்பேனே முதலில் ஆவியாகித் தீர்ந்துவிடுவதால், பாதி காலியான சிலிண்டர் மேலும் மந்தமாகும். அப்போது பலருக்கும் தோன்றும் உபாயம் சிலிண்டரைப் படுக்கையறைக்குள் கொண்டுவருவது, அல்லது அதன் அடியில் தீ காட்டுவது. முன்னது நாம் இதுகாறும் கூறிய யாவற்றையும் வீணாக்கும். பின்னதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சுற்றுவதற்கு மேல் எதுவும் செய்யலாகாது. 3,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்களவே என்பதால், அங்கே தீ எளிதில் மஞ்சளாகும். அங்கு சன்னலைத் திறப்பது குளிரால் கடினம், ஆயினும் திறக்கவேண்டும்.

வண்டி ஓடும்போது வாயு அடைக்கப்பட்டிருக்கவேண்டும். மோதினால் தானே அடைக்கும் ரெகுலேட்டர்கள் ஐரோப்பாவில் வழங்குகின்றன. அவை இல்லாத நமக்கு, புறப்படுமுன் ரெகுலேட்டரைக் கழற்றிச் சிலிண்டருக்கு மூடியிடுவதே வழி. வாயுவில் இயங்கும் குளிர்ப்பெட்டியுடன் பெட்ரோல் நிலையத்துக்குள் நுழைதல் பெருந்தவறு. வண்டியை இவ்வாறு மாற்றியமைப்பதற்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவுறுத்துகிறோம். கேரவன் வண்டிகளுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்னும் தரவிதி இருப்பதால், வேலை தொடங்குமுன் அதனைப் பார்த்துக்கொள்வது பின்னர் வரும் செலவைத் தவிர்க்கும்.

எரிவாயுவை உணரும் அறிவிப்பு மணியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலும், கார்பன் மோனாக்சைடை உணரும் மணியைப் படுத்திருப்பவரின் தலை மட்டத்திலும் பொருத்துக. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. இரவில் வாயு மணியடித்தாலோ நாற்றம் வந்தாலோ, விளக்கையும் விசிறியையும் தொடாமல், போடவும் அணைக்கவும் முயலாமல், முதலில் எல்லோரையும் வெளியேற்றிக் கதவை அகலத் திறந்துவிடுக. பின்னர் வெளியிலிருந்தே சிலிண்டர் அறையைத் திறந்து வாயுவை அடைக்கலாம். என்ஜினைக் கிளப்பி வண்டியை நகர்த்த முயலவேண்டா. தேங்கிய வாயு தானாக வழிந்தோடத் தாழ்ந்த கதவே போதும்; அதற்குச் சிறிது நேரமாகும். தொலைவாக நின்று 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கலாம். எரிவாயுக் கசிவுக்கென்றே ஏற்பட்ட எண் அது. சிலிண்டர் அறை வெளிப்புறத்தில் இருந்தால்தான் இவ்வளவும் இவ்வரிசையில் செய்ய முடியும்.